முந்தியில் வைத்த படம்

வாட்ஸப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டவன் யாரோ, அவனுக்கு ஒரு கும்பிடு. நம் தொடக்கப் பள்ளியின் பழைய இணையதளம், அதில் முதல் திரை மட்டும். இரண்டு பக்கமும் தங்க நிறக் கரை, நடுவில் பட்டுப் பாவாடை கட்டிய ஒரு பாப்பா, பக்கத்தில் மின்னி மின்னி அணையும் ‘நல்வரவு’. நீங்கள் எல்லாரும் வரிசையாகச் சிரித்த முகம் போட்டீர்கள். ‘நம்ம டீம் கெத்து’ என்றான் ஒருத்தன். நானும் கட்டை விரலைத் தூக்கிவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லை. எனக்கு இப்பவே முன்மண்டையில் முடி கொட்டுகிறது, கிழவன் மாதிரி ஒரே விஷயத்தை உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கிற வியாதியும் கூடவே வந்துவிட்டது போல. அந்தத் திரைக்குக் கீழே என்ன இருந்தது என்று உங்களில் யாராவது பார்த்தீர்களா? அதைத்தான் எழுதுகிறேன். ஆபீஸில் இருப்பவர்கள் சாயங்காலம் படியுங்கள், இது கொஞ்சம் நீளும்.

நாம் ஐந்தாவது படித்த வருஷம். பொங்கல் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நேரம். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்குப் பின்னால் சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடும் கால்வாய் ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் மாம்பழ மஞ்சள், ஒரு நாள் அரக்கு. அது ஓடுகிற நிறத்தைப் பார்த்தே ஊரில் என்ன புடவை ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். அந்த வாடை மதியச் சோற்றிலும் ஏறும்.

அப்போதுதான் பெரிய சார் திருவண்ணாமலையில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். நம் தலைமை ஆசிரியர், வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. பிரேயரில் நிறுத்திச் சொன்னார்: “இந்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ்ல புள்ளைங்களே சேரல. எல்லாத்தையும் இங்கிலீஷ் மீடியம் மஞ்ச வேன் அள்ளிகினு போவுது. நாம நெட்டுல வந்தாதான் இனிமே மதிப்பு. நம்ம ஸ்கூலுக்கு வெப்சைட் வரப்போவுது. அதையும் மாணவர் குழுதான் வடிவமைக்கணுமாம்.”

குழு என்றால் மூன்று பேர். சித்தப்பாவின் ரீசார்ஜ் கடையில் கீபோர்டைத் தட்டிப் பழகியவன் என்பதால் நான் டைப்பிஸ்ட். என் அத்தை மகன் டிசைனர், ஏனென்றால் மாமா பட்டுப் புடவைக்குக் கிராஃப் போடுகிறவர். கட்டம் கட்டமாக வண்ணம் அடைத்து அவர் வரைந்து கொடுத்தால்தான் அதைப் பார்த்துத் தறிக்கு அட்டையில் துளை அடிப்பார்கள். மூன்றாவது ஆள் கட்டுரைக்காரி. பெயர் எல்லாருக்கும் தெரியும், இங்கே வேண்டாம். காலனியிலிருந்து வருவாள். பிரேயரில் தினமும் செய்தித்தாள் வாசிப்பது அவள்தான். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை, கால்வாய்க்கு அந்தப் பக்கம் சாயம் முக்குகிறவர்கள் வேலையை நிறுத்திக் கேட்பார்கள். தளத்துக்கு வேண்டிய எழுத்து முழுக்க அவள் பொறுப்பு.

அவள் எழுதிய முதல் பக்கம் இப்படித் தொடங்கும்: ‘எங்கள் பள்ளியில் ஒரு பூவரச மரம் இருக்கிறது. மழை பெய்தால் மூன்றாம் வகுப்பு எங்கள் வகுப்புக்கு வந்துவிடும். அப்போது நாங்கள் நெருக்கி உட்கார்ந்துகொள்வோம். சிரிப்பாக இருக்கும்.’

பெரிய சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒழுகுறத உலகத்துக்கே சொல்லுவியாம்மா? அமெரிக்காக்காரன் படிப்பான்.”

“படிச்சா ஓடு மாத்திக் குடுப்பான்ல சார்,” என்றாள்.

அவரே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே மொத்தத்தையும் அடித்து, ‘தரமான கல்வி, தூய்மையான சூழல்’ என்று எழுதினார்.

சனிக்கிழமைகளில் அத்தை வீட்டில் வேலை. கூடத்தில் தறி, அதன் ஓரத்தில் மாமாவின் கிராஃப் பலகை. நானும் அத்தை மகனும் பலகைமேல் கவிழ்ந்து கிடப்போம். அவளுக்கு வாசப்படி. “பட்டு மேல வேர்வைக் கை படக்கூடாதும்மா, நீ அங்கயே குந்திக்கோ, அவங்க எடுத்தாந்து காட்டுவாங்க,” என்பாள் அத்தை, ரொம்பப் பிரியமாக. என் கையில் அப்போது வெல்ல முறுக்குப் பாகு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு தாளையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன், அவள் பார்ப்பாள், தலையாட்டுவாள், திரும்ப ஓடுவேன். எனக்கு அது விளையாட்டு. ஓடுவதென்றால் அந்த வயதில் காரணமே வேண்டாம்.

வெப்சைட் என்றால் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னது? டிசைன் என்ற வார்த்தைக்கு ஆரணியில் ஒரே அர்த்தம். ஆகவே புடவை மாதிரியே போட்டோம். இரண்டு பக்கமும் கோபுரக் கரை. மேலிருந்து கீழே நீளமாக உடல். அதில் புட்டா புட்டாவாகச் சின்னச் சின்னப் படங்கள்: பூவரச மரம், சத்துணவுக்கூடம், மணி. கடைசியில், அடியிலும் அடியில், முந்தி.

மற்றதில் எதைக் குறைத்தாலும் முந்தியில் குறைக்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் பேசித் தெரிந்துகொள்ள வேண்டாத விஷயம். கடைக்கு வருகிற பெண்கள் முதலில் கேட்பதே “முந்தியக் காட்டுங்க” என்றுதான். அதனால் பக்கத்தின் கடைசியில் தங்க நிறத்தைக் கொட்டி, அங்கே பெரிய சாரின் படத்தை வைத்தோம். மரியாதை. மேலே, உடல் தொடங்கும் இடத்தில், கட்டுரைக்காரி பிரேயரில் வாசிக்கிற படம். பெரிய சாரின் மருமகன் கேமராவில் எடுத்தது; நாங்கள் தாளில் போட்டதைக் கணினியில் கோக்க உதவியதும், நெட்டில் ஏற்றும் பொறுப்பும் அவருடையதுதான். வாய் பாதி திறந்திருக்கும், ஒரு கை செய்தித்தாளைக் காற்றில் பிடித்திருக்கும், பின்னால் பூவரச இலை. அதைவிட நல்ல படம் எங்களிடம் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

பெரிய சார் கணினியில் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

“என்னைக் கொண்டு போயி அடியில தள்ளிட்டீங்களேடா.”

“அது அடி இல்ல சார், முந்தி!” என்று அத்தை மகன் பதறினான். “எல்லாத்தையும் விட முந்திதான சார் பெருசு?”

அவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். “நெசவாளர் வூட்டுப் புள்ளைங்கன்னு காட்டிட்டீங்களேடா!” அன்றைக்குப் பூராவும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது கட்டுரைக்காரி வீட்டு விஷயம். அவள் அப்பா பெங்களூரில் கட்டட வேலை. கைக்குழந்தையாக ஒரு தம்பி. பங்குனியில் அப்பா வந்து அம்மாவையும் கூட்டிப் போவதாகப் பேச்சு, இரண்டு பேரும் சித்தாள் வேலைக்குப் போனால் தம்பியைப் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆள் இவள். ஐந்தாவதோடு படிப்பு சரி. இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. வாசப்படியில் உட்கார்ந்து, காலில் மருதாணி சுரண்டிக்கொண்டு சொன்னாள்.

“போன்ல சொன்னேன், ஸ்கூலு நெட்டுல என் போட்டோதாம்பா முதல்ல வருதுன்னு. அப்பா நம்பல. ‘நெசமாலுமா, உலகம் பூரா தெரியுமா?’ன்னுச்சு. ஆமான்னேன். ‘வந்து பாக்குறேன், நெசமா இருந்தா உன் அத்தை வூட்ல வுட்டுட்டுப் போறேன், ஆறாவது படி’ன்னுச்சு.”

“அவ்ளோதான? ஜோலி முடிஞ்சுது,” என்றேன் நான். எனக்கு எல்லாமே அப்போது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பெற்றோர் சங்கத் தலைவர் வந்தார். ஜவுளிக்கடை முதலாளி, வாயில் எப்போதும் ஏலக்காய். பள்ளிக்கு அந்தக் கணினியை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். நாங்கள் மூன்று பேரும் மேசைக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றோம்.

“மொதல்ல வருதே, இது யாரு பொண்ணு?”

“காலனிப் பொண்ணுங்க. தோ, இங்கதான் நிக்குது. பிரமாதமா வாசிக்குங்க.”

“வாசிக்கட்டும் சார், யாரு வாணான்னது?” அவளைப் பார்த்து இரண்டு தடவை தலையை ஆட்டினார், ஆசீர்வாதம் மாதிரி. பிறகு அவள் அங்கே இல்லாதது போலத் தொடர்ந்தார். “ஷோகேஸ்ல எதை மாட்டுறோம்னு ஒரு கணக்கு இருக்குல்ல? இந்த மூஞ்ச மொதல்ல பாத்துட்டு எவன் சார் தன் புள்ளைய இங்க கொண்டாந்து வுடுவான்? நாளைக்கு நம்மாளுங்களே பேஜார் பண்ணுவாங்க. என் பேத்திது ஒரு போட்டோ அனுப்பறேன், பட்டுப் பாவாடையில. போடுங்க.”

பேத்தி மஞ்சள் வேனில் போகிற குழந்தை. நம் பள்ளிக்குள் கால் வைத்ததே இல்லை.

ஏலக்காய் வாடை போவதற்குள் பெரிய சார் எங்கள் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் இன்று வரை எத்தனையோ பேரிடம், எத்தனையோ மீட்டிங்கில் பார்த்துவிட்டேன். அன்றைக்கு முதல் தடவை என்பதால் அது அன்பு என்று நினைத்தேன்.

“டேய் டிசைனரு, உங்க கணக்குப்படி எது பெருசு?”

“முந்தி சார்.”

“அங்க யாரு இருக்கா?”

“நீங்க சார்.”

“நான் எதுக்குடா? என் எடத்த நம்ம கட்டுரைக்காரிக்குக் குடுத்துடறேன். நான் மேல எங்கனா மூலையில, அந்தப் பாப்பா பக்கத்துல நின்னுக்கறேன். இன்னாம்மா, சந்தோசமா?”

நாங்கள் கை தட்டினோம். சத்தியமாகச் சொல்கிறேன், தலைமை ஆசிரியர் தன் முந்தியையே தூக்கிக் கொடுத்தார் என்று எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை மகன் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். அவளும் சிரித்தாள். தலைவர் சொன்னது அவள் காதில் விழாமலா இருந்திருக்கும்? விழுந்தது, நிச்சயம் விழுந்தது. ஆனால் நாங்கள் இத்தனை பேர் சந்தோஷப்படும்போது அவள் மட்டும் எப்படி வேறு மாதிரி இருப்பாள்?

வீட்டில் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. “பரவால்லியே, அவளுக்கு நல்ல எடமாதான் பாத்துக் குடுத்துருக்காரு,” என்றாள். சிரித்தாளா என்று தண்ணீர்ச் சத்தத்தில் தெரியவில்லை.

ஆண்டு விழாவில் தளத்தைத் திறந்தார்கள். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, அதன்மேல் புரொஜக்டர் வெளிச்சம். பாப்பா படமும் பெரிய சாரும் வேட்டி அளவுக்கு எழுந்து நின்றார்கள். தலைவர் கை தட்ட, ஊரே கை தட்டியது. “இரு, இரு, முந்தி வரும்,” என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குள் அடுத்த நிகழ்ச்சிக்குப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். மயிலிறகு கட்டிய இரண்டாம் வகுப்புக்காரர்கள் வேட்டிக்கு முன்னால் வந்து குதித்தார்கள். எண்ணெய் தேய்த்துப் படிய வாரிக்கொண்டு வந்திருந்த அவள், “அப்பா வரும்போது முழுசா பாத்துக்கலாம்,” என்றாள்.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். மெலிந்த ஆள், காதோரம் சிமெண்ட் சாம்பல் போகாமல் ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு நாங்கள் நான்கு பேரும் போனோம். அவரை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்கிறவரை எல்லாம் மாமா, சித்தப்பா என்கிற ஊர்தான், ஆனால் காலனி ஆளை என்னவென்று கூப்பிடுவது என்று எங்கள் வீட்டில் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் ஒன்றும் கூப்பிடாமலே அவரோடு பேசிக்கொண்டு நடந்தேன், சும்மா இல்லை, வாய் ஓயாமல். டொமைன் என்றால் என்ன, கரையை எப்படி ஒட்டினோம், எல்லாம். அவர் எல்லாவற்றுக்கும் “ம்” போட்டார்.

சென்டர் அண்ணா நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.

தளம் திறந்தது. கரை. நல்வரவு. பட்டுப் பாவாடை.

“இது யாரு?”

“தலைவர் பேத்திப்பா.”

“நீ மொதல்ல வரேன்னியே.”

“மாத்திட்டாங்க. நான் முந்தியில வரேன். கீழ.”

“முந்தியா?”

நான் குறுக்கே பாய்ந்தேன். புடவையில் முந்திதான் எல்லாம், பெரிய சார் தன் இடத்தையே கொடுத்தார் என்று மூச்சு விடாமல் சொன்னேன். சென்டர் அண்ணா மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தார். நெட் வேகம் அப்படி, ஒவ்வொரு புட்டாவும் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூத்தது. மரம். மணி. சத்துணவுக்கூடம்.

“இன்னாடா இவ்ளோ நீளம்? இம்மாந்தூரம் எவன்டா உருட்டிகினு வருவான்?” என்றார் அண்ணா. “மேல இருக்கறத பாப்பான், மூடிட்டுப் போயிகினே இருப்பான். யாரு குடுத்த ஐடியா இது?”

அதற்குள் முந்தி வந்துவிட்டிருந்தது.

தங்க நிறம் அப்படியே இருந்தது, நாங்கள் கொட்டினது கொட்டினபடி. நடுவில் அவள். ஆனால் செய்தித்தாள் இல்லை, பூவரச இலை இல்லை. சத்துணவு வரிசையில், தட்டை நீட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற வேறு ஒரு படம். மருமகன் ஏற்றும்போது மாற்றியிருக்கிறார். கீழே ஒரு வரி.

அப்பா அந்த வரியின்மேல் விரலை வைத்தார். திரையில் படாமல், ஒரு நூல் தள்ளி.

“இன்னா எழுதிக்கிது? படி.”

அவருக்குப் படிக்கத் தெரியாது. அதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அவளுக்கு முன்பே தெரியும். என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ‘எங்கள் பள்ளியின் சிறந்த மாணவி’ என்று சொல்லியிருந்தால் நானும் அத்தை மகனும் ஆமாம் என்று தலையாட்டியிருப்போம். சென்டர் அண்ணாகூட வாயை மூடிக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் நிமிர்ந்து நின்று, பிரேயரில் வாசிக்கிற அதே குரலில், ஒரு எழுத்தும் பிசகாமல் படித்தாள்.

“அரசின் இலவச உணவால் பசியாறும் ஏழை மாணவி.”

பக்கத்து கேபினில் கேம் ஆடிக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். அவ்வளவு நன்றாக வாசித்தாள்.

அப்பா கத்தவில்லை, அவளை அடிக்கவும் இல்லை. “பேரு போட்டுக்கிறாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லப்பா.”

“சோறு வாங்குறதுதான் உலகம் பூரா தெரியுதா?” நிமிர்ந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “சோறு அங்கயும் கெடைக்கும். வா.”

திங்கட்கிழமை பெரிய சாரிடம் போய்ச் சொன்னோம். அவளுக்கு டி.சி. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடாமலே பெருமூச்சு விட்டார். “பாத்தியாடா? நாம இவ்ளோ செஞ்சும் இந்த சனங்களுக்குப் படிப்போட அருமை தெரியல.” சொல்லும்போது அவர் கண் உண்மையாகவே கலங்கியது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

அவர்கள் கிளம்பிய அன்று நானும் அத்தை மகனும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். வேலூர் வண்டி நின்றுகொண்டிருந்தது, அங்கே இறங்கி பெங்களூர் வண்டி பிடிக்க வேண்டும். அப்பா மேலே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் அம்மா எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல உள்ளே ஏறிவிட்டாள். கட்டுரைக்காரி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்குப் பக்கத்தில் நின்றாள். குழந்தை அவள் சடையைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அத்தை மகன் தரையில் செருப்பால் கட்டம் போட்டான்.

அவளே கேட்டாள்.

“டேய், என் போட்டோவ திரும்ப மேல வெக்கறதுன்னா ரொம்ப வேலையா? எல்லாத்தையும் பிரிச்சு மொதல்லேந்து போடணுமா?”

கணினி பற்றி யாராவது கேட்டுவிட்டால் எனக்கு நிலைகொள்ளாது, தெரியும்தானே. தெரிந்ததை எல்லாம் கொட்டிவிட வேண்டும்.

“அய்ய, அதெல்லாம் ஒண்ணுமே இல்ல! தறியா இன்னா, பிரிக்கறதுக்கு? மவுஸ்ல புடிச்சு இழுத்து மேல வுட்டா போதும். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஆயிடும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்!”

அவள் தம்பியை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, படியேறினாள்.